பழையதை நீக்கவா?

2002இல் ராயபுரத்தில் இருந்த எங்கள் கம்பெனி, கன்டெய்னர் யார்டுகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தது. நான் அங்கே சீடி எரிப்பவள், அதாவது சாஃப்ட்வேரைச் சீடியில் பதிப்பவள். வியாசர்பாடியிலிருந்து வரும் எழில்மொழி, அதை எப்படி ஏற்றுவது என்று தமிழில் கைடு எழுதுபவள். எண்ணூர் யார்டில் புதுப் பதிப்பு ஒழுங்காக ஏறினால்தான் அவளை நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பாவம், அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

குழப்பமெல்லாம் ரகுபதியால். சாஃப்ட்வேரை மூட்டை கட்டி சீடிக்குத் தயார் செய்யும் பேக்கேஜ் அவன் வேலை. அவன் சாயங்காலம்தான் வருவான்; அதற்குள் இவள் பஸ் ஏறியிருப்பாள். பேக்கேஜ் ஓடும்போது "பழையதை நீக்கவா?" என்று கேட்கும். "ஆமாம்" அழுத்தச் சொன்னது கைடு; அழுத்தினால் பழைய பதிப்பு மட்டும் போகும், கணக்கு இருக்கும். ரகுபதி அதை மாற்றி, "இல்லை" அழுத்தினால்தான் பழைய கணக்கு தப்பும் என்று செய்துவைத்தான். இவள் அதைப் பார்த்துக் கைடை "இல்லை" என்று திருத்தினாள். அவனோ பழைய கைடைப் படித்துவிட்டு, ஜனங்களுக்குப் பழகியது "ஆமாம்"தானே என்று பேக்கேஜை முன்போலவே ஆக்கினான். இவள் மறுபடி "ஆமாம்" என்று திருத்த, அவன் அதற்குள் கையில் கிடைத்த "இல்லை" கைடைப் பார்த்துப் பேக்கேஜை மறுபடி மாற்றினான். வழிவிடுகிறேன் பேர்வழி என்று இரண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்கினால் எப்படி? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் எந்தப் பேக்கேஜை எரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

எண்ணூருக்கு நானும் கூடப் போனேன். யார்டு கிளார்க் தாமோதரன் சீடியைப் போட்டார். கேள்வி வந்து நின்றது. கைடில் "ஆமாம்" இருந்தது. எழில்மொழி விரலை நீட்டி மடக்கிக்கொண்டாள்.

"எழுதுனவ நீதானம்மா, அமுத்து," என்றார் தாமோதரன்.

"எனக்கே டவுட்டா கீது சார்."

அங்கிருந்த போனில் ரகுபதி வீட்டுக்குக் கூப்பிட்டாள். "கைடுல இன்னா போட்டுகீது? அத்தயே பண்ணு," என்றான் தூக்கக் கலக்கத்தில்.

"நீ பண்ணத பாத்துதான் நான் கைடு எழுதுனேன்."

"நான் கைட பாத்துதானே பண்ணேன்."

ரிசீவரை வைத்துவிட்டுத் தாமோதரனிடம் திரும்பினாள். "சார், பிளாப்பி கீதா? மொதல்ல கணக்க காப்பி எடுத்துக்குவோம்."

எடுத்து முடித்து, கண்ணை மூடிக்கொண்டு "ஆமாம்" அழுத்தினாள். புதுசு ஏறியது. பழைய கணக்கு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் நான் எரித்தது "இல்லை" பேக்கேஜ். அவள் பிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினாள்.

தாமோதரன் கைடைப் புரட்டினார். "காப்பி எடுக்கணும்னு எந்தப் பக்கத்துல போட்டுகீது?"

"எங்கியும் இல்ல சார்."

"அப்ப எழுது," என்று பேனாவை நீட்டினார்.

எதை அழுத்தினாலும் அதற்கு முன் பழைய கணக்கைக் காப்பி எடுக்கவும் என்று முதல் பக்கத்தில் எழுதினாள். அந்த நேரம் போன் அடித்தது; தாமோதரன் எடுத்தார். நல்லபடியாக ஏறியதா என்று முதலாளி கேட்பது எங்களுக்கே கேட்டது. எழில்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தாமோதரன் மை காயாத அந்த வரியைப் பார்த்தார். "ஏறிச்சு சார். கைடுல எழுதினபடியேதான் ஏறிச்சு."