ஒரு பில்லை, ஒரு ஆள்

ராயபுரம் கிடங்குகளில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை தூக்குவான் என்று ஒரு கணக்கு அந்த நாற்பதுகளில் எல்லோர் வாயிலும் இருந்தது. மூட்டையே தொடாதவர்கள்தான் அதை அதிகம் சொன்னார்கள். அது மெய்தானா என்று பார்த்துவர என் பத்திரிகை ஆபீஸ் என்னை அனுப்பியது. தேடிப் போனால், அந்தக் கணக்குக்கு ஆதாரமே, கூலியாளுக்குக் கிடங்கில் கொடுக்கும் நம்பர் போட்ட ஒரே ஒரு பித்தளைப் பில்லை. கிடங்கு நோட்டில் அதன் நம்பருக்கு நேராக எழுதிய மூட்டைகளைத்தான் கூட்டியிருந்தார்கள்.

பில்லைக்காரரைப் பிடித்தேன். ஒல்லியான மனிதர், நரைத்த தாடி. ஓர் இடத்தில் நிற்கமாட்டார். கால் மாற்றி மாற்றி நின்று, கட்டைவிரலால் பில்லையைத் தேய்த்துக்கொண்டே கிடங்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒருத்தரேவா இவ்வளவும் தூக்குறீங்க?"

"நான் ஒருத்தனா நைனா தூக்குறேன்? காலைல நானு, மதியத்துக்கு மேல என் மச்சான். ரெண்டு பேருக்கும் பில்லை ஒண்ணுதான் கீது."

"அப்படியே எழுதிடவா?"

தேய்த்த விரல் நின்றது.

"எழுதினா கிடங்குக்காரன் பில்லையப் புடுங்கிக்குவான். எழுதாட்டி, நீயும் அவ்ளோ தூக்குடான்னு எல்லார் தலைலயும் ஏத்துவான். நீயே சொல்லு, இன்னா பண்ணலாம்?"

அதற்குள் மச்சான் வந்துவிட்டார். அவர் கையில் பில்லையை வைத்துவிட்டு இவர் விறுவிறுவென்று போய்விட்டார்.

'ஒரு பில்லை தூக்கும் மூட்டைகள்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆபீஸில் 'பில்லை'யை அடித்து 'ஆள்' என்று திருத்தினார்கள். சரிதானே என்று என்னைத்தான் கேட்டார்கள்.

தலையாட்டினேன்.