பங்களாப் பலகையும் என் வலது கையும்

முதலில் கெட்டது நாக்கு. தேநீர் குடித்தால் சில்லறைக் காசை வாயில் போட்டு அதக்கிக்கொண்டதுபோல் இருந்தது. தேயிலைக்கு நடுவில் குடியிருந்துகொண்டு தேநீர் பிடிக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? தூள் சரியில்லை என்று கணவரோடு சண்டை போட்டேன். அவர் மூன்று கடைகளில் மாற்றி மாற்றி வாங்கி வந்தார். மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தன.

அடுத்தது வயிறு. முறுக்கிப் பிழிகிற வலி வரும். சுருண்டு படுத்துக் கிடப்பேன். ஒரு மணி நேரத்தில் போய்விடும். நான்கு நாட்களுக்கு மலம் இறங்காது. வாயு என்றார்கள், புண் என்றார்கள், இஞ்சி தட்டிக் குடி என்றார்கள். எல்லாம் குடித்தேன்.

அதற்குப் பிறகு அசதி. இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறுகிற படிகளை நான் ஒருநாளும் எண்ணியதில்லை. அப்போது எண்ணத் தொடங்கினேன். பாதியில் உட்கார்ந்துவிடுவேன். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் வெறும் கூடையோடு என்னைத் தாண்டிப் போவார்கள். "என்னாக்கா, மூச்சு வாங்குதா?" என்று கேட்பார்கள். நாள் முழுக்க மலையில் நின்றவர்கள் அவர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

இதை நான் சொல்லச் சொல்ல என் தங்கை ராணி எழுதுகிறாள். அவள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். நான் கோபமாகச் சொல்கிற இடங்களை அவள் மெதுவாக்கி எழுதுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். வீட்டிலிருந்தபடி மரத்திலும் பெயின்ட்டிலும் கை வைக்கிறவர்கள், காரணம் தெரியாத வலியோடு கிளினிக் வாங்கில் (பெஞ்சில்) காத்திருக்கிறவர்கள், இவர்களுக்காகத்தான் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. பட்டவள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டின் பின்னறை என்னுடையது. ஒரு மேசை, ஒரு ஜன்னல், மூலையில் விறகடுப்பு. போத்தல்களில் பூ வரைவேன், மரத்தில் சின்னச் சின்னக் கொழுந்துக்காரிகள் செய்து வண்ணம் பூசுவேன். ஆனால் எனக்குப் பேர் வாங்கித் தந்தது வீட்டுப் பெயர்ப் பலகை. தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளிலிருந்து தனி வீட்டுக்குப் போகிற குடும்பங்கள் முதலில் கேட்பது அதைத்தான். சுவர் பூசியிருக்காது, வாசலில் பலகை தொங்கும். என் கணவர் யோகராஜ் ஸ்டேஷனடியில் ஓட்டோ ஓட்டுகிறார். தலவாக்கலை, அக்கரப்பத்தனை என்று போகிற இடமெல்லாம் எனக்கு ஓடர் பிடித்து வருவார்.

பலகைக்கு மரமும் அவர்தான் கொண்டுவந்தார். ஒரு தோட்டத்தில் பழைய துரை பங்களாவின் பின்கட்டை இடித்து, கதவுகளையும் ஜன்னல் சட்டங்களையும் விறகுக்கென்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று தடவையாக ஓட்டோவில் ஏற்றி வந்தார். அந்தக் காலத்து மரம். புழு தொட்டதில்லை, வளைந்ததில்லை. மேலே பச்சை, அதன் கீழே வெண்ணெய் நிறம், அதற்கும் கீழே வெள்ளை, அடியில் செங்கல் சிவப்பு என்று பெயின்ட் மட்டும் தோல் தோலாக அப்பியிருந்தது.

அதை உரிக்க எனக்கு ஒரு வழி தெரியும். பலகையை அடுப்பு நெருப்புக்கு மேலே காட்டினால் பெயின்ட் கொப்பளித்துக்கொண்டு எழும்பும். சூட்டோடு கத்தியால் வழித்தால் அப்படியே வந்துவிடும். மிச்சத்தை மண்கடதாசியால் (உப்புத்தாளால்) தேய்ப்பேன். வெளியே வைத்துச் செய்யலாம்தான். ஆனால் வெளியே எந்நேரமும் மூடுபனி, தூறல். மரம் ஈரம் குடித்துவிடும். ஆகவே ஜன்னலைச் சாத்தி, கதவின் அடியில் சாக்கைத் திணித்துக்கொண்டு உள்ளேயே செய்தேன். வழித்த தோலையும் வீணாக்கவில்லை, அடுப்பில் போட்டேன். நன்றாகப் பற்றியது. அறை கதகதப்பாக இருந்தது. என் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது.

ஏழெட்டு மாதங்கள் இப்படிப் போயின. இதற்கிடையில் எத்தனை கிளினிக், எத்தனை மருந்துத் துண்டு. இரத்தசோகை (இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைந்து போவது) என்று கண்டுபிடித்து இரும்புச் சத்து மாத்திரை தந்தார்கள். வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. போகிற இடமெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள், தொழில் என்ன என்று. சிங்களத்தில் கேட்டால், "ரஸ்ஸாவக் நே, கெதர" (வேலை இல்லை, வீட்டில்) என்பேன். தமிழில் கேட்டால், "சும்மாதான் இருக்கேன்" என்பேன். நான் வாய் திறக்கும் முன்பே பக்கத்திலிருந்து என் கணவரும் சொல்லிவிடுவார், "வேலைக்குப் போறதில்ல சேர்" என்று.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் வேலை என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நிற்பது. அங்கே பேர் கூப்பிட வேண்டும், கங்காணி எந்த மலை என்று சொல்ல வேண்டும். என் அம்மா அப்படிப் போனார். அம்மாவின் அம்மாவும் போனார். பேர் கூப்பிடாத இடத்தில், வீட்டுக்குள் உட்கார்ந்து செய்வதை நாங்கள் வேலை என்று சொல்வதில்லை. காலை முதல் மாலை வரை குனிந்து தேய்த்துவிட்டு, சும்மா இருந்தேன் என்று சொல்கிற பெண்கள் என்னைப்போல் எத்தனை பேரோ. வாயுள்ள பிள்ளை பிழைக்கும். எனக்கு வாய் இருந்தது, சொல்லத்தான் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தூரிகையை எடுத்தேன். விரல்கள் பிடித்தன. மணிக்கட்டு எழும்பவில்லை. கை, கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி கீழே தொங்கியது. இடது கையால் தூக்கி நிறுத்தினேன். விட்டதும் விழுந்தது. வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை. எழும்பு என்று நான் சொன்னது அதற்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அழுகை வரவில்லை. மிகவும் களைப்பாக இருந்தது. அப்படியே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாரிசவாதம் என்று பயந்து, யோகராஜ் ஓட்டோவிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒன்றுமில்லை. வார்டில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் ஓர் இளம் பெண் டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். என் கீழுதட்டை இழுத்து, ஈறின் ஓரத்தை டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, காலமை எழும்பினதில இருந்து இரவு படுக்கிற வரைக்கும் என்னென்ன செய்யிறனீங்கள் எண்டு சொல்லுங்கோ."

"சமைப்பேன், கூட்டுவேன், துணி தொவைப்பேன்."

"பிறகு?"

"சும்மாதான் டொக்டர். பொழுது போக போர்டு எழுதுவேன்."

"என்ன போர்டு?"

நான் பதில் சொல்வதற்குள் யோகராஜ் போனை எடுத்து நீட்டினார். பெருமை அவருக்கு. "இவ எழுதினா அச்சடிச்ச மாதிரி இருக்கும் டொக்டர். பாருங்க." ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார். கடைசியில் ஒரு வீடியோ. அடுப்புக்கு மேலே பலகையைப் பிடித்தபடி நான் சிரிக்கிறேன். பச்சைப் பெயின்ட் கொப்பளிக்கிறது. என்னைச் சுற்றிப் புகை.

டொக்டர் அதை இரண்டு தடவை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இந்த மரம் எவ்வளவு பழசு?"

"வெள்ளக்காரன் காலத்துப் பங்களா" என்றார் யோகராஜ், இன்னும் பெருமையோடு.

ஈயம். பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருப்பார்களாம். சூடு காட்டினால் புகையாகவும், தேய்த்தால் தூசாகவும் மூச்சோடு உள்ளே போகும். கையில் ஒட்டிச் சோற்றோடும் போகும். உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். வயிற்றுவலி, இரத்தசோகை, வாயில் காசு ருசி, ஈறில் மெல்லிய நீலக் கோடு எல்லாம் அதன் வேலை. கை விழுந்ததற்கு மணிக்கட்டுத் தொய்வு (மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு செயலற்றுப் போவது) என்று பெயர். கொழும்புக்கு அனுப்பிய இரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. "கை திரும்பி வருமா டொக்டர்?"

"வரலாம் அம்மா. எவ்வளவு வரும், எப்ப வரும் எண்டு நான் இப்ப சொன்னால் அது பொய்யாப் போயிடும்."

யோகராஜ் வெளியே போய்விட்டார். வார்டுத் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதாக, என்னைப் பார்க்க வந்த ராணி சொன்னாள். மரத்தைக் கொண்டுவந்தது தான் என்ற நினைப்பு அவருக்கு. அன்று அவரைத் தேற்ற என்னிடம் தெம்பு இல்லை. தேற்ற மனமும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ராணி, இதை மாற்றாமல் எழுது.

சிகிச்சை என்பது ஈயத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. ஒரு சுற்றுக் கொடுப்பார்கள், இரத்தத்தில் ஈயம் இறங்கும். சில வாரம் விட்டுப் பார்த்தால் மறுபடி ஏறியிருக்கும். எலும்பில் இருந்தது ஊறி இரத்தத்துக்கு வந்துவிடும். மறுபடி ஒரு சுற்று. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்குவதுபோல் இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் போதும் என்று விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நானும் ஒரு தடவை விடப் பார்த்தேன்.

கையில் ஸ்ப்ளின்ட் (மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் தாங்கி) மாட்டினார்கள். சோறு பிசைய முடியவில்லை. இடது கையில் கரண்டி. தலை பின்ன முடியவில்லை. ராணி பின்னிவிடுவாள், இழுத்துப் பின்னுவாள், நான் கத்துவேன். எல்லோரிடமும் கத்தினேன். ஈயம் கோபத்தையும் கூட்டும் என்று டொக்டர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"அப்ப எங் கோபமெல்லாம் ஈயமா டொக்டர்?"

"கொஞ்சம் ஈயம்."

"மிச்சம் பொறவியிலேயே வந்தது டொக்டர்" என்றார் யோகராஜ். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மூவரும் சிரித்தோம்.

அவருடைய இரத்தத்திலும் ஈயம் இருந்தது, மருந்து தேவைப்படாத அளவில். பின்னறையை அவர் ஈரத்துணியால் நாலு தடவை துடைத்தார். கூட்டக் கூடாது, தூசு எழும்பும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மிச்சப் பலகைகள் வீட்டைவிட்டுப் போயின. நான் எழுதிக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, பலகையைச் சுரண்டாதீர்கள், எரிக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மாட்டுங்கள் என்றேன். "நாங்க ஏணி வச்சு ஏறியா நக்கப் போறோம்?" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பயிற்சி என்பது இதுதான்: மேசை ஓரத்தில் கையைத் தொங்கவிட்டு, தூக்கு என்று மனதால் சொல்வது. ஐந்து மாதம் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலை நடுவிரல் மட்டும் அசைந்தது, ஓர் அரிசி அளவுக்கு. யோகராஜைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்க்கும்போது அது அசையவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு ஓட்டோ துடைக்கப் போகிறேன் என்று போய்விட்டார். காலையிலேயே துடைத்துவிட்ட ஓட்டோ அது.

முழுவதும் வரவில்லை. இப்போது மணிக்கட்டு எழும்பும். பத்து நிமிடம் நிற்கும், பிறகு தானாகத் தாழும். எலும்பில் உள்ளது பல வருடம் அங்கேயே இருக்கும் என்கிறார்கள். நான் கிழவியாகி எலும்பு தேயும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருமாம். நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ ஒரு துரைக்காக யாரோ ஒருவர் பூசிய பெயின்ட். அது என் எலும்பில் இருக்கிறது. உடம்பு என்னுடையது மட்டும் என்று இப்போது நினைக்க முடிவதில்லை.

சென்ற மாதம் அக்கரப்பத்தனையிலிருந்து மல்லிகா என்ற பெண் வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். புது வீட்டுக்குப் பலகை வேண்டுமாம், மாமியாரின் பெயரில். "கருப்பாயி இல்லம்." நான் கையைக் காட்டினேன். ஒரு நாளைக்கு ஓர் எழுத்துத்தான் முடியும், சில நாள் அதுவும் முடியாது என்றேன்.

அவள் விரல் மடக்கி எண்ணினாள். "ஒம்பது எழுத்து வருதுக்கா."

"ஒரு மாசமும் ஆகலாம். அவசரம்னா வேற ஆளப் பாத்துக்கம்மா."

"வீட்டுக்கே மூணு தலமொற காத்துக்கிட்டு இருந்தோம்க்கா. எங்க மாமியா லயத்துக் காம்பராவுலயே செத்துப் போனாங்க. பேருக்கு ஒரு மாசம் காத்திருக்க மாட்டோமா?"

புதுப் பலகை, தண்ணீரில் கரைகிற பெயின்ட், திறந்த ஜன்னல். பனி உள்ளே வருகிறது, ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன். முன்பு ஒரே நாளில் இரண்டு பலகை முடிப்பேன். அந்த நாட்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. இப்போது 'க' எழுதிய நாள் தெரியும், அன்று வெயில் அடித்தது. 'ரு' இரண்டு நாள் எடுத்தது, சுழி நடுங்கியதால் துடைத்துவிட்டு மறுநாள் எழுதினேன். 'ப்' எழுதிய அன்று, புள்ளி வைக்கும் வரை கை தாழாமல் நின்றது. இன்று 'பா'. துணைக்காலை இழுத்து முடிக்கும்போது மணிக்கட்டு தாழத் தொடங்கியது. தூரிகையைக் கழுவி வைத்தேன்.

நாளை, கை சம்மதித்தால், 'யி'.