பூனைக்கு ஆகாத மாத்திரை

என் மாமனாருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான், பாராசிட்டமால். தலைவலி, முட்டிவலி, மழையில் நனைந்தது, மகள் இரண்டு நாளாகப் போன் பண்ணாதது என்று எல்லாவற்றுக்கும் அதையே போட்டுக்கொள்வார். நான் பி.யூ. கல்லூரியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவள். வெளியில் எப்படியோ, வீட்டில் என் யோசனைகளை யாரும் சட்டை செய்வதில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு காக்ஸ் டவுன் வீட்டுக்குத் திரும்பினேன். பூனை சோபாவுக்கு அடியில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முகம் வீங்கியிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால், ஈறு பால் சேர்க்காத டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

"மாமா, இதுக்கு என்ன குடுத்தீங்க?"

"நேத்து சாயங்காலம் உடம்பு சுட்டுதும்மா. சாப்பிடவும் இல்ல. அரை மாத்திரைதான், பால்ல கரைச்சு..."

அது அத்தை வளர்த்த பூனை. அத்தை கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டார். அதுவரை பூனை என்றாலே ஆகாத மாமா, அதற்குப் பிறகு அதைத் தன் கட்டிலிலேயே படுக்க வைத்துக்கொண்டார். இதெல்லாம் தெரிந்திருந்தும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆட்டோக்காரர் முன்னால் வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு, பூனையைத் துணிக்கூடையில் வைத்து மடியில் பிடித்தபடி மாமாவோடு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். அன்று என் கணவரும் ஊரில் இல்லை.

"ஏனு கொட்ரி?", என்ன கொடுத்தீங்க என்று கன்னடத்தில் கேட்ட மருத்துவர், மாமா திணறுவதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். சின்ன வயதுப் பெண். பூனையின் ரத்தத்தை எடுத்து ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டார். அது பழுப்பாக விழுந்து, காற்றுப்பட்டும் பழுப்பாகவே இருந்தது.

"இதோட ஹீமோகுளோபின் நம்மளது மாதிரி இல்ல மேடம். கெட்டுப்போற இடம் நம்மளுக்கு ரெண்டுன்னா இதுக்கு எட்டு. இதோட ஈரலுக்கு அந்த மாத்திரைய உடைக்கவும் வராது. ரத்தத்துல இருக்கிற இரும்பு துருப்பிடிச்ச மாதிரி ஆயிடும், ஆக்சிஜனைத் தூக்காது. மாத்து மருந்து இருக்கு. மனுஷங்க மெடிக்கல்லயே கிடைக்கும், ஓடிப்போய் வாங்கிட்டு வாங்க."

நான் வாங்கிக்கொண்டு வந்தபோது பூனைக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குள் அவர் பேசினார்.

"உங்க அத்தைக்கும் இதையேதாம்மா குடுத்தேன். ஜுரம் வந்த முதல் நாள்லேர்ந்து. அவளுக்கும் உதடு நிறம் மாறிச்சு. ஆக்சிஜன் இறங்கிக்கிட்டே போச்சு. அது இதனாலதானா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. "இல்ல மாமா, அது நுரையீரல்ல வந்த வியாதி. இது வேற" என்றேன்.

"நீ ஆறுதலுக்குச் சொல்ற."

எத்தனை முறை சொன்னாலும் இதே பதில்தான் வரும் என்று எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் இனி ஒவ்வொரு ராத்திரியும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கப் போகிறார் என்று பயமாக இருந்தது. சட்டென்று கேட்டேன்: "இன்னிக்குக் காலைல நீங்க மாத்திரை போட்டீங்களா?"

"முட்டிவலிக்கு ஒண்ணு. ஏன்?"

அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மருத்துவர் சிரித்துவிட்டார். "மனுஷங்களைக் குத்த எனக்கு பர்மிஷன் இல்ல மேடம். ஊசி தரேன், நீங்க குத்துங்க." வருடா வருடம் ரத்த வகை பார்க்கும் செய்முறை வகுப்பில் எத்தனை பிள்ளைகளின் விரலைக் குத்தியிருக்கிறேன். மாமாவின் விரலில் குத்தி, பூனையின் பழுப்புச் சொட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சொட்டு விட்டேன். பளிச்சென்ற சிவப்பு.

"அதே மாத்திரைதான் அங்கிள். நீங்க முழுசு போட்டீங்க, பூனைக்கு அரை" என்றார் மருத்துவர். "அளவோட போட்டா மனுஷ ரத்தத்தை அது ஒண்ணும் பண்ணாது."

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் காகிதத்தையே பார்த்தார். பிறகு குனிந்து, தோள் குலுங்க அழுதார். நானும் அழுதேன்.

பூனை அங்கேயே தங்க வேண்டியிருந்தது. மறுநாள் அதன் சொட்டு ஓரளவு சிவந்தது, அதற்கடுத்த நாள் நன்றாகவே சிவந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று மாமா என்னைக் கூப்பிட்டு, "உன் பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் சொல்லு" என்றார். எனக்குத்தான் வீட்டில் மாணவர்களே கிடையாதே, விடுவேனா? பூனையின் ரத்தம் ஆக்சிஜனைத் தளர்வாகப் பிடித்து லேசாக விட்டுக்கொடுக்கும் என்றேன். குளிர்காலத்தில் மைசூர்ப் பக்கம் ஏரிகளுக்கு வரும் வரித்தலை வாத்தின் ரத்தம் அதை இறுக்கிப் பிடிக்கும், அதனால்தான் மூச்சு முட்டும் இமயமலை உயரத்தைக்கூட அது தாண்டி வருகிறது என்றேன். தென்துருவக் கடலில் ஹீமோகுளோபினே இல்லாத மீன்கூட இருக்கிறது என்று நான் சொன்னபோது, அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"ஆளாளுக்கு ஒரு ரத்தம்" என்றார் கடைசியில். பூனை அவர் தட்டிலிருந்த வறுத்த மீனை முகர்ந்து பார்த்தது. அவர் ஒரு துண்டை முள் எடுத்து வைத்தார்.

"உங்க அத்தைக்கு மீன் வறுக்கவே வராது. பாதியைத் தீய விடுவா. தீஞ்சத எனக்கு வைப்பா, நல்லத இதுக்குப் போடுவா."

அத்தை போன பிறகு அவர் அத்தையைக் குறை சொல்லி நான் கேட்டது அன்றுதான்.