கல் எப்போது வழுக்கும்?

தேவிபட்டினக் கரையில் வள்ளத்தை மேலே இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அது எனக்குப் பிடிபட்டது. கயிற்றை எல்லோரும் முழு மூச்சாக இழுத்தார்கள். வள்ளம் அசையவில்லை, கயிறு மட்டும் நீண்டு முறுகியது. பிறகு, யாரும் கூடுதலாக இழுக்காமலேயே, வள்ளம் திடுமென்று பாய்ந்து நின்றது. முன்னால் நின்றவர்கள் மணலில் விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் படித்தது இதுதானே! பூமியின் மேலோடும் நெடுங்காலம் இழுபட்டு, பிடித்து நின்று, ஒரு நொடியில் வழுக்கிவிடுகிறது. அந்த நொடி எப்போதென்று கயிற்றின் நீட்சியைப் பார்த்தே சொல்ல முடியாதா?

எனக்கு அது வெறும் பாடமில்லை. என் காக்கா, அதாவது அண்ணன், ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தார். கடைக்கு மேல் மாடியில்தான் படுக்கை. அங்கே அவ்வப்போது தரை ஆடும் என்பதை உம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஊருக்கு வருவது சில வருடங்களுக்கு ஒருமுறை. பெருநாளன்று எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி நாங்கள் உட்காரும்போது, அவர் பக்கத்துச் சோற்றை யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டுவைப்போம்.

அந்த முறை அவர் வந்திருந்தபோது என் கருவி தயாராக இருந்தது. ஒரு பலகை; அதன்மேல் வீடு கட்ட அறுத்துவைத்த பவளக்கல்; கல்லில் கட்டிய சைக்கிள் ட்யூப் துண்டு; அதை இழுக்கப் பட்டம் விடும் உருளை. உருளையை மெதுவாகச் சுற்றினால் ரப்பர் நீளும், கல் பிடித்து நிற்கும், பிறகு குதிக்கும். பல பகல்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, ரப்பர் எவ்வளவு நீண்டால் கல் வழுக்கும் என்று பலகையில் கரியால் கோடு போட்டிருந்தேன்.

காக்கா மாலையில் டீ கிளாஸைப் பலகை ஓரத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். ரப்பர் கோட்டைத் தாண்டியது. கல் அசையவில்லை.

"ஏண்டா, ஒன் பூகம்பம் தூங்கிருச்சா?"

இன்னும் சுற்றினேன். கல் பாய்ந்து வந்து கிளாஸை உடைத்தது.

"இங்கன கிளாஸோட போச்சு," என்றார். "எப்ப வரும்னு மட்டும் சொல்லு. அன்னைக்கு நான் தெருவுல பாயைப் போட்டுக்கிறேன்."

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"இன்னும் தெரியலை, காக்கா."

"தெரிஞ்சா காயிதம் போடு."

"காயிதம் வர்றதுக்குள்ள ஆடிருமே."

"அப்பத் தந்தி குடு."

அவர் கப்பலேறிய பிறகுதான் காரணம் புரிந்தது. நான் கோடு போட்டதெல்லாம் உச்சி வெயிலில். கடலிலிருந்து எடுத்த கல்லுக்குள் உப்பு இருக்கிறது. மாலைக் காற்றில் அது ஈரம் வாங்கிப் பலகையைக் கவ்விக்கொள்கிறது. அந்தக் கல்லில் கட்டிய எங்கள் வீட்டுச் சுவரே சாயங்காலமானால் வேர்க்கும். அதில் சாய்ந்துகொண்டுதான் கணக்குப் போட்டிருக்கிறேன். அப்படியென்றால் இழுப்பை மட்டும் அளந்து பயனில்லை. பிடிப்பும் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. பூமிக்கடியில் அதை யார் தொட்டுப் பார்ப்பது?

ஆனாலும் விட மனமில்லை. பல நாள் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். மாடியிலிருந்து ஒருவர் இறங்கித் தெருவுக்கு வரும் நேரம் கிடைத்தால் போதும்.

மேலோடு ஒற்றைக் கல்லும் அல்ல. ஒன்று வழுக்கினால் பக்கத்திலிருப்பதன் சுமை கூடும். நாளை கற்களைக் கிணற்று நீரில் ஊறப்போட்டு உப்பை எடுக்கப்போகிறேன். காய்ந்ததும் அவற்றை ட்யூப் துண்டுகளால் வரிசையாகக் கோத்து, எல்லாவற்றையும் சேர்த்து இழுக்க வேண்டும். பெரிய பாய்ச்சலுக்கு முன்னால் ஏதாவது ஒரு கல் லேசாக நகர்ந்து காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டினால், அந்தச் சின்ன அசைவே காக்காவுக்குத் தந்தி.