உள்தாழ்ப்பாள் உள்ள அறை

யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயத்தை, வேறு யார் காதிலும் விழாத இடத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுவது என் தொழில். அடையாள அட்டையில் ‘உளவியல் ஆய்வாளர்’ என்று இருக்கும். ஆய்வுத் தலைப்பு, மணமானவர்களின் பாலியல் நலன். பாலக்காட்டுச் சித்தூரில் என் அம்மா அக்கம்பக்கத்தாரிடம் ‘ஏதோ குடும்ப நலம்’ என்று சொல்லிச் சமாளித்து வருகிறாள். படிவமும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு இனி நான் சொல்லப்போவது புரியும்.

எனக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஒரு விதியில் மட்டும் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். பதில் சொல்பவருக்குத் தனியறை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் படிவம் செல்லாது. பாலக்காட்டின் பழைய தெரு ஒன்று, கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலை, மலைமேல் ஆனைக்கரைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டம் என்று மூன்று இடங்களிலிருந்தும் படிவம் வர வேண்டும். ஓரிடம் குறைந்தாலும் ஆய்வை ஏற்க மாட்டார்கள். உதவித்தொகையோ மார்ச்சோடு முடிகிறது.

மாடியறை

பழைய தெருவில் அறைக்குப் பஞ்சமில்லை. வங்கியில் வேலை பார்க்கும் வித்யா பதில் சொல்ல ஒப்புக்கொண்டார். மாமியார் மாடியறையைத் திறந்துவிட்டு, மின்விசிறியையும் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் கேள்விக்குக் காபி வந்தது. மூன்றாவது கேள்விக்கு முறுக்குத் தட்டு. ஆறாவது கேள்வியில் காலி டம்ளரை எடுக்க வந்தவர், முழங்கால் வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கணவருடன் மனம்விட்டுப் பேச முடிகிறதா என்பது ஏழாவது கேள்வி. வித்யா என்னைப் பார்த்தார், நான் விசிறியைப் பார்த்தேன். மாமியார்தான் பதில் சொன்னார்.

“அவ என்னத்தச் சொல்லப்போறா கொழந்தே, நான் சொல்றேன், எழுதிக்கோ. எங்காத்துல எல்லாம் நன்னாத்தான் இருக்கு.”

கேமரா

கஞ்சிக்கோட்டு ஆலையில் பயிற்சிக் கூடத்தைக் கொடுத்தார்கள். நல்ல கனமான கதவு. பேராசிரியர் பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பார். மூலையில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. வேலந்தாவளத்திலிருந்து வரும் தங்கவேல் என்ற இயந்திர ஆபரேட்டர் கவனித்திருந்தார்.

எதைக் கேட்டாலும் ஐந்துக்கு ஐந்து போட்டார். திருப்தி ஐந்து, நெருக்கம் ஐந்து, தூக்கம் ஐந்து. இவ்வளவு மகிழ்ச்சியான மனிதரை அந்த ஆலையிலேயே பார்த்ததில்லை என்று குறித்துக்கொண்டேன். வாசல்வரை கூடவே வந்தவர், கேட்டைத் தாண்டியதும் நின்றார்.

“ஏனுங்கம்மிணி, கேமராவுக்குச் சொல்ல வேண்டியதச் சொல்லிப்போட்டனுங்க. நெசத்தக் கேக்கறதுன்னா டீக்கடைக்குப் பின்னால வாங்க, ஆலமரத்தடியில ஆருமில்ல.”

கூரையைத் தொடாத சுவர்

இந்த இரண்டு இடங்களிலும் அப்படி இப்படி அலைந்து, வேறு அறைகள் பிடித்து, ஒருவழியாகப் படிவங்களை முடித்துவிட்டேன். ஆனைக்கரையில்தான் மாட்டிக்கொண்டேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. பதில் சொல்ல ஒப்புக்கொண்ட செல்வி என்பவர் வீட்டில் அந்த ஓர் அறைக்குள் அவர், கணவர் முருகன், இரண்டு பெண்பிள்ளைகள், மாமனார், மாமியார். முருகனும் பெரியவர்களும் பிள்ளைகளும் வெளியே போயிருந்த நேரம் பார்த்துக் கதவைச் சாத்தினேன்.

பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே இருந்த சுவர் கூரைவரை போகவில்லை. நான் குரலைத் தாழ்த்திக் கேட்க, செல்வி யோசிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், ‘அதெல்லாம் அவளுக்கு ஏது’ என்று பதில் சொல்லிவிட்டது. செல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும்தான் விஷயத்தைச் சொன்னார். முருகன் வீட்டில் வாய் திறப்பதே குறைந்துபோயிற்றாம். திறந்தாலும் சண்டை. திருப்பூருக்குத் தனியாக வேலைக்குப் போகிறேன் என்று பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாராம். போனவர் திரும்பி வர மாட்டார் என்பது செல்வியின் பயம். அவருக்கு வேறு யாராவது இருக்கிறார்களா, உடம்புக்கு ஏதாவதா என்று படிவத்தில் இருந்த வரிசைப்படி கேட்டேன். செல்வி இல்லையென்று தலையாட்டினார். அப்படியானால் பிரச்சினை என்னவென்று நினைக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு, அதையும் கேட்டேன்.

“புருசனும் பொண்டாட்டியும் தனியா உக்காந்து பேச ஒரு ரூம் இருந்தா, ஒங்ககிட்டச் சொல்ல எனக்கு என்ன டீச்சர் இருக்கு?”

சமூகப் பங்கேற்பு

அந்தப் படிவம் செல்லாது. மேனேஜரிடம் நடையாய் நடந்து பழைய மஸ்டர் ரூமை வாங்கினேன். முன்பு காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்த இடம், இப்போது சாக்கும் மருந்தடிக்கும் டிரம்மும் கிடந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சாவி. உட்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. நானே கூட்டிப் பெருக்கினேன்.

ஆய்வை எப்படி நடத்துவது என்று ஊர்க்காரர்களையே கேட்க வேண்டும் என்பதும் எங்கள் திட்டத்தில் உண்டு. அதற்குப் பெயர் சமூகப் பங்கேற்பு. பெண்களைக் கூட்டிவைத்து, ஏதாவது யோசனை உண்டா என்று கேட்டேன். வழக்கமாக யாரும் வாய் திறக்க மாட்டார்கள், டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்று செல்வி கேட்டார். படிவத்தை நாங்களே எழுதலாமா? எழுதலாம், விதியில் இடமிருக்கிறது. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து எழுதலாமா? தம்பதியர் படிவம் என்றே ஒன்று இருக்கிறது. எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரம். செல்வி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப நீங்க உள்ள இருக்கணும்னு இல்லைல்ல டீச்சர்?”

ஞாயிற்றுக்கிழமை

கல்லூரி முத்திரை குத்திய தாளில் ‘நேர்காணல் நடக்கிறது, உள்ளே வரக் கூடாது’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கதவில் ஒட்டினேன். செல்வியும் முருகனும் தலை வாரி, சலவைச் சட்டை, புதுச் சேலை என்று கல்யாணத்துக்குப் போகிறவர்களைப் போல வந்தார்கள். படிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். தாழ்ப்பாள் விழுந்தது. நான் தூறலில் குடை பிடித்துக்கொண்டு படியில் நின்றேன்.

செல்வியின் மாமனார் மகனைத் தேடி வந்தார். கதவை நோக்கிக் கை காட்டினேன். செருப்பைக் கழற்றியவர் முத்திரையைப் பார்த்ததும் மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அதற்குள் இன்னும் இரண்டு ஜோடி வந்து, ‘அந்த ஒரு மணி நேரப் படிவம்’ கேட்டுப் பேர் கொடுத்துவிட்டு நின்றது. எனக்கு ஆய்வு கையைவிட்டுப் போவது தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. கதவைத் தட்டி, எழுதுகிறீர்களா என்று கேட்கலாம். கையைத் தூக்கினேன், தட்டவில்லை.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. முருகன் எங்கேயும் பார்க்காமல் இறங்கிப் போனார். செல்வியின் கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. படிவத்தை நீட்டினார். பெயரைக்கூட எழுதியிருக்கவில்லை. இது என்ன என்று கேட்டேன்.

“எழுத நேரமில்ல டீச்சர். அவுக திருப்பூருக்குப் போகலையாம்.”

இரண்டு ஞாயிறுகளிலும் ஆனைக்கரையில் ஏழு ஜோடிகள் திருப்பிக் கொடுத்த வெற்றுப் படிவங்களையும் ‘பதில் இல்லை’ என்று குறித்துப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டு, இந்தத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த வேலை கதவுக்கு வெளியே நின்றதுதான் என்பதை ஆய்வறிக்கையின் எந்தப் பத்தியில் எழுதுவது என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.