புயல் வகுப்பும் முக்கால் அங்குலமும்

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் டெய்லரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டு வயதுப் பெண்ணுக்கும் டெய்லரக்கா, எழுபது வயதுக் கிழவருக்கும் டெய்லரக்கா. கட்டின புருஷன்கூட, நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பில் வாய் தவறி, "டெய்லரக்கா, டீ இருக்கா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

புதுத்துணி தைப்பதை அவள் விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது ஆல்டரேஷன் மட்டும்தான். கீழ்வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின், ஆளுயரக் கண்ணாடி, கதவுக்குப் பதில் ஒரு திரை. ஊரார் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அந்தத் திரைக்குப் பின்னால்தான் முதலில் வெளிப்படும். யார் உண்டாகியிருக்கிறாள், யாரைக் கவலை தின்கிறது, எல்லாம் அவள் கழுத்தில் தொங்கும் டேப்புக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கமாட்டாள். போன வருஷத்துப் பேன்ட்டை இந்த வருஷம் பூட்ட முடியவில்லை என்று எவளாவது முகம் வாடி நின்றால், "துணி சுருங்கிப்போச்சு, வேறொண்ணுமில்ல" என்பாள். நாற்பத்தேழு வயதுக்குள் இந்தப் பொய்யை அவள் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாளோ! புண்ணியக் கணக்கில் சேரவேண்டிய பொய்.

அப்படிப்பட்டவள்தான் ஒரு நாள் பாவக் கணக்கிலும் ஒரு பொய் சொன்னாள். அதுவும் யாரிடம்? தன் உயிருக்கு உயிரான ஓரகத்தியிடம்.

மாடி வீட்டில் கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் மனைவியை வீட்டில் சின்னவள் என்பார்கள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுகிற வேலை. ஓரகத்திகள் என்றாலே எலியும் பூனையும் என்பது உலக வழக்கு. இவர்களோ நகமும் சதையும். ஒன்பது வருஷமாக, மாலை ஆறரை ஆனால் இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு கால்வாய் ஓரமாகப் பாலம் வரை நடப்பார்கள். நடைக்கு நடை, ஊர்க்கதைக்கு ஊர்க்கதை. மாமியாரின் கெடுபிடி, மூன்றாம் வீட்டுக்காரியின் விவகாரம், புருஷன்மார்களின் குறட்டை, டெய்லரக்காவின் ஒரே மகள் வேலைக்கென்று தூர தேசம் போன துக்கம், எல்லாவற்றையும் அந்தப் பாலத்துக் கைப்பிடிச்சுவர் கேட்டிருக்கிறது.

அந்த நடைக்குத்தான் புயல் வந்து சேர்ந்தது.

பழைய ஃபர்னிச்சர் கடை இருந்த மாடியில் சிவப்பு எழுத்தில் "புயல்" என்று பலகை மாட்டினார்கள். நாற்பது நிமிட வகுப்பு. இருபது பேர் ஒன்றாகக் குதிக்க வேண்டும், ஓட வேண்டும், தரையில் படுத்து எழுந்து மறுபடி குதிக்க வேண்டும். மார்பில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று சுவரிலிருக்கும் டிவி ஆளுக்கொரு கட்டத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும்.

"ஒரு மாசம் பாத்துட்டு விட்டுடறேன்க்கா. ஆஸ்பத்திரியில எல்லாரும் சேந்துட்டாங்க" என்றாள் சின்னவள்.

"போயேன். நான் என்ன உன் காலையா கட்டி வெச்சிருக்கேன்?" என்று டெய்லரக்கா சிரித்தாள். உதடுதான் சிரித்தது.

ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. ஆறரைக்கு டெய்லரக்கா தனியாகப் பாலம் வரை போய்த் தனியாகத் திரும்பினாள். வழியில் கண்டதையெல்லாம் சொல்ல ஆளில்லை. நாலாம் நாள் நடையை நிறுத்திவிட்டாள். அந்த நேரத்துக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் தைத்தாள். சரியாக ஆறே முக்காலுக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து ஹாரன் அடிக்கும். கணக்கு டீச்சருடைய கார். புயலில் சின்னவளுக்குக் கிடைத்த புதுச் சிநேகிதி. "மின்னல், வா வா, லேட்டாச்சு!" என்று கூப்பிடுவாள்.

மின்னலாம்! ஒன்பது வருஷமாக நாம் வைக்காத பேரை மூன்று மாதத்தில் ஒருத்தி வந்து வைத்துவிட்டாளே! டெய்லரக்கா விரலில் ஊசி ஏறியது. வலித்தது விரலல்ல.

வேவு பார்க்கவென்றே ஒரு நாள் இலவச வகுப்புக்குப் போனாள். கை கால் உதறச் சொன்ன மூன்றாம் நிமிடமே டிவியில் அவள் கட்டம் சிவந்துவிட்டது. பாட்டுச் சத்தத்தில் காது அடைத்தது. கோச் என்கிற அந்தப் பையன் போலிருந்த மனுஷன் ஓடி வந்தான்.

"அம்மா, மெதுவா. உக்காந்து எழுந்தா போதும்."

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். இருபது பேருக்கும் ஒரே அளவுல சட்டை தெச்சா யாருக்காவது பொருந்துமா? எல்லாரையும் ஒரே குதி குதிக்கச் சொல்றீங்களே?"

பதிலுக்குத் திணறுவான் என்று பார்த்தாள். அவனோ சிரித்துக்கொண்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். "சரியா சொன்னீங்க. அதனாலதான் உங்களுக்கு ஸ்டூல், அந்த அக்காவுக்குச் சுவர், இவங்களுக்குக் குதி. ஆளுக்கேத்த அளவு."

டெய்லரக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. மட்டமான இடமாக இருந்திருக்கக்கூடாதா? திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாமே! நியாயமாகப் பார்த்தால் சின்னவளுடைய முதுகுவலி போயே போய்விட்டது. மாத்திரை போட்டுத் தூங்கியவள் இப்போது தலையணையில் தலை பட்டதும் தூங்குகிறாள். முழங்காலுக்கு ஆகாது, காதுக்கு ஆகாது, மூச்சு வாங்கும், சிவப்புக் கட்டத்தைப் பார்த்துப் போட்டி போட்டுச் சாகும் புத்தி சிலருக்கு வரும், அதுவும் உண்மைதான். ஆனால் இரண்டையும் தராசில் போட்டால் எந்தத் தட்டு தாழும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததுதான் எரிந்தது.

வகுப்பு முடிவில் கோச் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்துச் சொன்னான்: "எடை பாக்கற மெஷினை நம்பாதீங்க. வீட்டுல இருந்தா பரண்ல தூக்கிப் போடுங்க. உங்க துணியை நம்புங்க. துணி பொய் சொல்லாது."

டீச்சர் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்த சின்னவள், அக்கா வந்திருப்பதையே மறந்துவிட்டு அவள் காரில் ஏறிப்போனாள். பாதி வழியில் நினைவு வந்து போன் செய்தாள். டெய்லரக்கா எடுக்கவில்லை.

அடுத்த வாரம் சின்னவள் ஆஸ்பத்திரி சீருடைப் பேன்ட் இரண்டைக் கொண்டுவந்து போட்டாள். "அக்கா, பாரேன், கையை விட்டா உள்ள போகுது! புடிச்சுக் குடு."

டேப் இடுப்பைச் சுற்றியது. முப்பத்திரண்டு. போன வருஷம் முப்பத்துநாலரை.

"டீச்சர் சொல்றாங்க, இன்னும் ரெண்டு மாசத்துல முப்பதுக்கு வந்துடுவேனாம்" என்று கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர் சொல்றாங்க, அடுத்த மாசம் மலையேறப் போலாமாம்." டீச்சர், டீச்சர், டீச்சர்!

டெய்லரக்கா பின்புற நடுத்தையலைப் பிரித்தாள். சாக்பீஸால் கோடு போட்டாள். முப்பத்திரண்டுக்குப் போட வேண்டிய கோடு. போட்டாள், பார்த்தாள், அழித்தாள். உள்ளே தள்ளி இன்னொரு கோடு போட்டாள். முப்பத்தொன்றேகால். முக்கால் அங்குலம்தான். இவ்வளவு குதித்தும் ஏறுகிறதே என்று வெறுத்துப்போய் விட்டுவிடுவாள், தன்னோடு திரும்ப நடக்க வருவாள் என்று ஒரு கணக்கு. மெஷின் கடகடவென்று ஓடியது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வேண்டுமென்றே அளவு தவறினாள்.

திங்கட்கிழமை காலை மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம். "அக்கா! பட்டன் போட முடியலக்கா. மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கு."

துணி சுருங்கிப்போச்சு என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய், இவளிடம் சொன்னது: "அளவெடுத்தபடிதான்டி தெச்சேன். நீதான் ஏறியிருக்கே போல."

சின்னவள் முகத்திலிருந்த வெளிச்சம் பட்டென்று அணைந்தது. டெய்லரக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நூலைக் கோக்கக் குனிந்துகொண்டாள்.

ஆனால் கணக்கு தப்பியது. சின்னவள் வகுப்பை விடவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரட்டிப்பாக்கினாள். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு மதியமும் ஒரு டம்ளர் மோரோடு சரி. "பசியில்லக்கா" என்பாள். கன்னம் ஒட்டியது, கண்ணைச் சுற்றிக் கருத்தது. சொல்லிவிடலாம் என்று டெய்லரக்கா தினமும் வாயைத் திறப்பாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் கேட்கும். வாய் மூடிக்கொள்ளும்.

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை மாலை, வெள்ளைக் கார் வழக்கத்தைவிட நேரம் கழித்துத் திரும்பி வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. டீச்சரும் கோச்சும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, சின்னவளை டெய்லரக்காவின் முன்னறை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெட்டி மேல் ஏறிக் குதிக்கும்போது கண் இருட்டி விழுந்திருக்கிறாள். கணுக்கால் பந்து போல் வீங்கியிருந்தது. டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்.

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். சாப்பிட்டேன்னு சொன்னாங்க" என்றான் கோச், முகம் வெளுத்துப்போய்.

கொழுந்தன் மாடியிலிருந்து ஓடி வந்தான். பொறுமைசாலி, அன்று பொங்கினான். "போதும் இந்தக் கூத்து! உடம்பைக் கெடுக்கறதுக்கு ஒரு க்ளாஸா? நாளைலேருந்து அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக்கூடாது. அண்ணி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் இவ கேப்பா. நீங்களும் ஒரு நாள் போய்ப் பாத்தீங்கல்ல? அது நல்லதா கெட்டதா, சொல்லுங்க!"

எல்லார் கண்ணும் அவள் மேல். டீச்சர் குற்றவாளி மாதிரி கைப்பையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "கெட்டது" என்று ஒரு வார்த்தை போதும். புயல் ஓய்ந்துவிடும், கார் இனி வராது, கால் ஆறியதும் ஆறரைக்குச் செருப்புச் சத்தம் கேட்கும். கேட்ட வரம் மடியில் வந்து விழுந்தது போலத்தான் இருந்தது. சின்னவள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் இடுப்பை, அந்தப் பேன்டின் பட்டை பகலெல்லாம் அழுத்திச் சிவந்த இடத்தை, துப்பட்டாவால் மூடப் பார்த்தாள்.

அதைப் பார்த்தபோது டெய்லரக்காவின் நெஞ்சு விண்டுபோயிற்று.

"க்ளாஸ் மேல தப்பில்ல" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "தப்பு என் மேல. இவ ஏறவே இல்ல. நான்தான் பேன்டை முக்கால் இஞ்ச் கூடப் புடிச்சேன். தெரிஞ்சேதான் புடிச்சேன்."

கொழுந்தனுக்குப் புரியவே ஒரு நிமிஷம் பிடித்தது. சின்னவள் மட்டும் மெதுவாக நிமிர்ந்தாள்.

"ஏன்க்கா?"

"நீ அந்தக் கார்ல ஏறிப் போறதை என்னால பாக்க முடியலடி! பாலத்துக்குத் தனியா நடந்து பாத்தேன். முடியல. பொறாமை. வேற என்ன பேர் அதுக்கு?"

"மூணு வாரமா தினம் கண்ணாடி முன்னாடி நின்னு என் வயித்தைக் கிள்ளிக்கிட்டேன்க்கா" என்றாள் சின்னவள். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "டீச்சர் சொன்னாங்க, வேற டெய்லர்கிட்ட அளந்து பாருன்னு. எங்கக்கா அளவு தப்பாதுன்னு சண்டை போட்டேன்."

டெய்லரக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து கதறிவிட்டாள். புருஷன்காரன் செத்தால்கூட இப்படி அழமாட்டாள் என்று தெருவில் பிறகு சொன்னார்கள். அதை அந்தப் பஸ் டிரைவரும் கேட்டு, "அது என்னவோ நிஜம்தான்" என்றான்.

சின்னவள் அழவில்லை. டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் மாடியேறிப் போனாள்.

ஆறு வாரம் பேச்சில்லை. டெய்லரக்கா கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்புவாள். பாத்திரம் கழுவித் திரும்பி வரும், வார்த்தை வராது. கால் குணமானதும் சின்னவள் மறுபடி புயலுக்குப் போனாள், ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு. சீருடையை இரண்டு தெரு தள்ளி வேறொரு கடையில் கொடுத்தாள். அந்தப் பேன்டின் பின்தையல் கோணியிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்து டெய்லரக்கா துடித்த துடிப்பு இருக்கிறதே! டீச்சர் மேல் வந்ததைவிட அந்த முகம் தெரியாத டெய்லர் மேல் அவளுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் திரை விலகியது. சின்னவள் நின்றாள். கையில் அந்தக் கோணல் பேன்ட்.

"அந்தாளு தைக்கறது பல்லு புடுங்கற மாதிரி இருக்கு" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அளவெடு."

டெய்லரக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பை உருவினாள். சின்னவள் கையை நீட்டி அதைப் பிடுங்கிக்கொண்டாள். தானே இடுப்பைச் சுற்றினாள், தானே குனிந்து எண்ணைப் படித்தாள். "முப்பத்தொண்ணரை. எழுதிக்கோ. கோடு போடும்போதும் நான் பக்கத்துல நிப்பேன். இனிமே எப்பவும் இப்படித்தான்."

"நில்லு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லு" என்றாள் டெய்லரக்கா.

சாக்பீஸ் கோடு விழுந்தது. சின்னவள் டேப்பை வைத்துச் சரிபார்த்தாள். இரண்டாவது தடவையும் பார்த்தாள். அதற்குள் வாசலில் வெள்ளைக் கார் ஹாரன் அடித்தது. சனிக்கிழமை வகுப்பு மூன்று மணிக்கு. டெய்லரக்காவுக்குப் பழைய பொறாமை சுரீரென்றது. அது எங்கே போகும்? அவள் மெஷினில் துணியை வைத்தாள்.

சின்னவள் ஜன்னலில் தலையை நீட்டி, "டீச்சர், பத்து நிமிஷம்! தையல் முடியட்டும்!" என்று குரல் கொடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணை ஊசியிலிருந்து எடுக்காமல் கேட்டாள்:

"அந்த மூணாம் வீட்டுக்காரி விஷயம் என்னாச்சுக்கா?"