திருமங்கலம் போய் வந்த தெள்ளு

ஒரு வாரமாக எனக்கு வேர்க்குரு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சித்திரை மாதம், கோரிப்பாளையத்தில் ஓடு வேய்ந்த ஒரு மாடி வீடு. வேர்க்குரு வருவதற்கு இதற்கு மேல் என்ன சிபாரிசு வேண்டும்? சந்தனத்தை அரைத்து முழங்கால் வரைக்கும் பூசிக்கொண்டு, பாதிக் கல்யாணத்தில் எழுந்து வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். மடியில் பூனை.

என் மனைவி முதலில் என் கணுக்காலைப் பார்த்தாள். பிறகு பூனையைப் பார்த்தாள்.

"வேர்க்குருன்னா முதுகுல வராதா? கணுக்காலைச் சுத்தி மட்டுமா வரும்? இது தெள்ளுங்க. அந்தா, அது கழுத்துல ஓடுது பாருங்க."

பார்த்தேன். காபிப்பொடி நிறத்தில், எள்ளைவிடச் சிறியதாக ஒன்று ரோமத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. விரலை வைத்தேன். விரல்தான் இருந்தது. தெள்ளுப்பூச்சி தாவும் உயரத்தைப் பற்றி இங்கிலீஷ் புத்தகம் ஒன்றில் ஒரு துரை பக்கம் பக்கமாக வியந்து எழுதியிருந்ததை நான் வாசித்திருக்கிறேன். அவர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும்.

வேறு மாதமாக இருந்தால் இது பெரிய விஷயமில்லை. மழை வரும், போகும். தெள்ளும் அப்படித்தான் என்று இருந்துவிடலாம். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து வைகை கூப்பிடு தூரம். வருஷம் முழுக்க எங்களை மறந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் எங்கள் மேல் பாசம் பொங்கும். அழகர் மலையை விட்டு இறங்குவதற்கு முன்பே அவர்கள் எங்கள் வாசலில் வண்டியை விட்டு இறங்கிவிடுவார்கள். அந்த வருஷம் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தது திருமங்கலத்து மதினி. என் மனைவியின் அக்கா.

மதினி நல்லவர்தான். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் காரியமாகத் தண்ணீர்த் தவலையின் அடியில் விரலை விட்டுப் பார்ப்பார். முந்தைய வருஷம் எங்கள் தவலை அடியில் அவர் விரல் வழுக்கியது. அந்தச் செய்தி அவருக்கு முன்னால் திருமங்கலம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பரவை வரைக்கும் பரவி, ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் மனைவியிடம், "தவலைக்குப் புளி போட்டுத் தேய்க்கணும்மா" என்று புத்தி சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து என் மனைவி அக்காவின் வருகைக்காக ஒரு வருஷமாகத் தவலை தேய்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தவலை கண்ணாடி மாதிரி இருக்கிறது, வீட்டில் தெள்ளு.

"எங்கக்கா வாரதுக்குள்ள தெள்ளு போயிருக்கணும்" என்றாள். "போகலைன்னா பூனை போயிரும்."

"ரெண்டும் போகலைன்னா?"

"நான் போறேன். நீங்களும் பூனையுமாச் சேந்து எங்கக்காவுக்குச் சோறாக்கிப் போடுங்க."

பூனை போவதில் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார். பத்திரிகைகளுக்கு ஹாஸ்யம் என்ற பெயரில் எதையாவது எழுதுகிறவன். எழுதிய பக்கத்தின் மேல் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். என் எழுத்தை இவ்வளவு நேரம் யாரும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது கிடையாது. வாசகர் ஒருவர்தான், அவரையும் சாக்கில் கட்டி அனுப்பு என்றால் எந்த ஆசிரியனுக்குத்தான் மனசு வரும்?

அது என்னுடைய பூனை என்று சொல்வதற்கும் இல்லை. கீழ்வீட்டில் குடியிருந்த பாய்தான் வீட்டுக்குச் சொந்தக்காரர், சாக்கு வியாபாரி. கீழே மீன்தலையும் மேலே பாலும் சாப்பிட்டு, பூனை இரண்டு மதங்களையும் சமமாக நடத்தி வந்தது. என் மனைவி பாயை அண்ணே என்று கூப்பிடுவாள். அந்த வழியில் நான் அவருக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டேன். தெள்ளு வருவதற்கு முன்னால் அவர் பூனையை "நம்ம புள்ள" என்பார். விஷயத்தைச் சொன்னதும் பேச்சு மாறிவிட்டது.

"உங்க பூனையை என்னான்னு பாருங்க மாப்ள. என் சாக்குல வந்து படுக்குது."

"உங்க சாக்குல படுத்துத்தான் பாய் அதுக்குத் தெள்ளே வந்திருக்கு."

"எஞ் சாக்கு அம்புட்டும் புதுச் சாக்கு. கப்பல்ல வந்த சரக்கு!"

"தெள்ளும் அதே கப்பல்லதான் வந்திருக்கும்."

பாய் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முதலில் பூனையைக் குளிப்பாட்டினோம். குளிப்பாட்டினோம் என்பது மரியாதைக்காகச் சொல்வது. அண்டாவில் சீயக்காய்த் தண்ணீரைக் கரைத்து வைத்து, நான் பூனையைப் பிடிக்க, என் மனைவி தேய்ப்பதாக ஏற்பாடு. கடைசியில் நனைந்தது நான். கண்ணில் சீயக்காய் போனது எனக்கு. மார்பில் நகம் பட்டது எனக்கு. பூனை அலமாரியின் மேல் உட்கார்ந்து, உலர்ந்த வாலை நக்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைமுடி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தால் பொடுகாவது போயிருக்கும்.

அடுத்தது வேப்பிலைப் புகை. என் மனைவி சட்டியில் தணலைப் போட்டுப் பச்சை வேப்பிலையை அள்ளிக் கொட்டினாள். ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு வாசலில் நின்றோம். தெள்ளுக்கு என்ன ஆயிற்றோ, கீழே பாயின் வீட்டில் அத்தனை பேரும் இருமிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். பாய் மௌனத்தைக் கலைத்தார். கலைத்தபோது அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆக, பூனைதான் போகவேண்டும் என்று ஆகிவிட்டது. எங்கே அனுப்புவது? அதற்கும் என் மனைவியே வழி கண்டுபிடித்தாள். திருமங்கலத்தில் மதினியின் வீட்டுக்காரர் பருத்திக்கொட்டை வியாபாரி. சரக்கு அடுக்கும் கிட்டங்கி நிறைய எலி. "பூனை ஒண்ணு இருந்தா தேவலைன்னு அக்கா போன தடவையே சொல்லுச்சு" என்றாள். தெள்ளைப் பற்றி அக்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்றும் சொன்னாள். பாயின் சாக்கு வண்டி திருமங்கலத்துக்குப் போகும் நாளில், மூடி போட்ட மூங்கில் கூடை ஒன்றில் என் வாசகரை ஏற்றி அனுப்பினோம். பாய் வண்டிக்காரரிடம், "பதனமாக் கொண்டுபோய்யா, நம்ம புள்ள" என்றார். அவர் கண் கலங்கியது புகையாலா என்று நான் கேட்கவில்லை.

எங்கள் கணக்கு இதுதான்: குடித்தனக்காரர் காலி செய்யும்போது சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு போவதைப் போல, பூனையும் தன் தெள்ளைத் தன்னோடு கொண்டுபோய்விடும். இதைவிட முட்டாள்தனமான கணக்கை நான் பள்ளிக்கூடத்தில் பையன்களிடம்கூடப் பார்த்ததில்லை. பூனையின் மேல் இருந்தவை மட்டும்தான் அதனோடு போயின. தரையிலும் கோரைப்பாயிலும் இருந்தவை இங்கேயே தங்கிவிட்டன. இத்தனை நாள் அவற்றுக்குப் பூனை என்றொரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அந்தக் கடையை நாங்களே மூடிவிட்டோம். எதிரே இருந்தவை எங்கள் கால்கள்.

அதுவரை கடித்ததெல்லாம் ருசி பார்த்தது என்று அப்போதுதான் தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்தால் கடி. எழுத உட்கார்ந்தால் கடி. நான் பாட்டுக்கு நின்றுகொண்டே புத்தகம் வாசிக்கப் பழகினேன். கீழே பாய் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலால் அந்தக் காலைத் தேய்த்தபடி வியாபாரம் பேசினார்.

"ஏங்க, பூனையை அனுப்புனது தப்பாப் போச்சோ?" என்றாள் என் மனைவி, காலைச் சொறிந்துகொண்டே. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து தப்பு என்ற சொல் தன்னைப் பற்றி வந்தது அதுதான் முதல் தடவை. நான் அதை ரசித்து முடிப்பதற்குள் அடுத்த உத்தரவு வந்தது. "எங்கிட்டு இருந்து வருதுன்னு முதல்ல பாக்கணும். வெள்ளை வேட்டியை நனைச்சுக் கட்டிக்கிட்டு வீடு பூரா நடங்க."

"நானா?"

"பள்ளிக்கூடம் லீவுதான? சும்மாதான இருக்கீங்க."

நனைந்த வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன். மாடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டின. கீழே பாயின் கூடத்தில், பூனை பகலெல்லாம் படுத்துக் கிடந்த பழைய சாக்கு அடுக்கின் ஓரத்தில் போய் நின்றேன். நின்ற கொஞ்ச நேரத்தில் என் வேட்டியில் எள்ளுருண்டை செய்யலாம். பாய் குனிந்து பார்த்தார். புதுச் சாக்கு, கப்பல் என்று எதுவும் சொல்லவில்லை.

"மாப்ள, அசையாம அப்படியே நில்லுங்க. அம்புட்டும் ஏறட்டும்" என்றார்.

உறவு என்பது இதுதான்.

அந்தச் சித்திரையில் வைகையில் தண்ணீர் இல்லை, மணல்தான். அந்த மணலில் மத்தியானம் நெல்லைக் கொட்டினால் பொரியும். சாக்கு, கோரைப்பாய், ஜமக்காளம், தலையணை எல்லாவற்றையும் பாயின் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ஆற்றில் விரித்தோம். திருப்பித் திருப்பிப் போட்டோம். வீட்டில் என் மனைவி உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைத் தளத்து விரிசல்களில் ஊற்றி, சுண்ணாம்பை வைத்து அடைத்தாள். பழைய கட்டடம். விரிசல் வழியே போன வெந்நீர், குடிக்கத் தண்ணீர் எடுக்க ஆற்றிலிருந்து வந்து கீழே நின்ற பாயின் முதுகில் சொட்டியது. அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. ஆனால் இந்தத் தடவை சண்டைக்கு வரவில்லை. "எம் மேல இருந்ததும் செத்திருக்கும், தங்கச்சி" என்றார்.

வெயில் தாழ்ந்ததும் விரிப்புகளை எடுக்க ஆற்றுக்குப் போனோம். அழகரைப் பார்க்க முன்கூட்டியே வந்திருந்த கிராமத்து ஜனம் ஒரு வண்டி நிறைய, எங்கள் சாக்குகளின் மேல் வசதியாக உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்த்திருந்தது. அதில் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து மரியாதையாக எழுந்து, "சாமிமாரே, அழகர் வந்து தங்கவா விரிச்சிருக்கீக? இது யாரு மண்டகப்படி?" என்று கேட்டார்.

"தெள்ளு மண்டகப்படி" என்றார் பாய்.

அவர்கள் எழுந்திருக்கவில்லை. "எங்க ஊர்ல இல்லாத தெள்ளா?" என்று சொல்லிவிட்டு எங்களுக்கும் ஆளுக்கொரு கை புளியோதரை கொடுத்தார்கள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்துதான் எங்கள் சாக்குகளை நாங்கள் எடுக்க முடிந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி நனைந்த வேட்டியோடு நடந்தேன். வேட்டி வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. என் மனைவி உட்கார்ந்து, காலை நீட்டி, ஒரு மூச்சு விட்டாள். அப்போது வாசலில் வண்டி வந்து நின்றது.

மதினி இறங்கினார். அவர் கையில் எங்கள் மூங்கில் கூடை.

"ஏண்டி!" தெருவிலேயே ஆரம்பித்துவிட்டார். "நீ எனக்குப் பூனையை அனுப்புனியா, தெள்ளை அனுப்புனியா? வீடே சொறிஞ்சுக்கிட்டுக் கெடக்குது. உங்க மச்சான் கிட்டங்கிக்கே போக மாட்டேங்கிறாரு!"

என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷம் தவலை தேய்த்தது வீணாகி, தெள்ளுச் செய்தி ஒரு நொடியில் பரவை வரைக்கும் போய்விடும் போலிருந்தது. ஆனால் அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. அக்காவின் கையிலிருந்து கூடையை வாங்கி, மூடியைத் திறந்து, பூனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இந்தப் பூனையை அவள் தூக்கி நான் பார்த்ததே இல்லை.

"எங்க வீட்டுல தெள்ளாக்கா? நீயே உள்ள வந்து பாரு. எங்கிட்டு வேணும்னாலும் உக்காரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்த வேட்டியை நனைச்சுக் கட்டிக்கிட்டு அக்கா முன்னால ஒரு நடை நடங்க."

நடந்தேன். மதினி இடுப்பில் கையை ஊன்றி, குதிரை வாங்க வந்தவர் போல என் கால்களைச் சுற்றி வந்து பார்த்தார். கீழே பாயும், யாரும் கூப்பிடாமலே, "நம்ம சாக்குப் பக்கமும் வாங்க மாப்ள, அவுக பாக்கட்டும்" என்றார். அங்கேயும் நடந்தேன். ஒன்றுகூட ஏறவில்லை. மதினி தவலை அடியிலும் விரலை விட்டுப் பார்த்தார். விரல் கீச்சென்று சத்தம் போட்டது.

"எலி இருக்கிற கிட்டங்கியில தெள்ளு இருக்கத்தானக்கா செய்யும்" என்றாள் என் மனைவி, மெதுவாக. "பாவம், வாயில்லாச் சீவன். உங்க ஊருக்குப் போயி வாங்கிட்டு வந்திருக்கு. இனிமே நான் இதை எங்கிட்டும் அனுப்ப மாட்டேன்."

ஹாஸ்யம் எழுதுகிறவன் என்று பெயர் எனக்கு, இந்த மாதிரி ஒரு வாக்கியம் எழுத என்னால் முடிந்ததில்லை.

மதினி சும்மா இருக்க முடியாதவர். பேன் உள்ள தலையைப் பார்த்துவிட்டு விட்டுப் போவது அவர் பழக்கத்தில் இல்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், "கொண்டா அந்தச் சனியனை" என்று பூனையை மடியில் போட்டுக்கொண்டு, தன் பேன் சீப்பை எடுத்து, கழுத்திலிருந்து வால் வரைக்கும் இழுத்து இழுத்து வாரினார். வந்ததைச் சீயக்காய்த் தண்ணீரில் போட்டார். என்னிடம் நகத்தைக் காட்டிய பூனை, அவரிடம் கண்ணை மூடித் தாடையைத் தூக்கிக் கொடுத்தது. அவருக்குப் பின்னால் என் மனைவி உட்கார்ந்து அக்காவின் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தாள். திருமங்கலத்துத் தலையிலும் இருந்தது போலிருக்கிறது. அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அந்த வரிசையில் கடைசியாக உட்காரும் தகுதியை என் தலை எப்போதோ இழந்துவிட்டதால், தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் என் கணுக்காலில் சுரீர் என்றது. கிண்ணத்தை ஒரு கைக்கு மாற்றிக் குனிந்து சொறிந்தேன். மதினியின் சீப்பு நின்றது.

"என்ன தம்பி, சொறியிறீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, அக்காவின் தலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அது வேர்க்குருக்கா. சித்திரை வந்தா அவருக்குக் கணுக்கால்லதான் வரும்."

எழுந்து போய்ச் சந்தனம் அரைக்க ஆரம்பித்தேன்.